கோழிச் சீக்கும் கைவைத்தியமும்

தோட்டப்புறங்களில் கோழி என்பது பெண்களின் சேமிப்புப் புத்தகம். சம்பளச் சீட்டில் எழுதப்படாத வருமானம் அது. பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும், திடீரென ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு தேடவும், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கறி வைக்கவும், கோயில் திருவிழாவுக்கு நேர்ந்து விடவும் தாய்மார் நம்பியிருப்பது லயத்துக்குப் பின்னால் மேயும் ஏழெட்டுக் கோழிகளையே. மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்ட முடியாமல் வேலை நாட்கள் குறைந்துபோகும் சப்ரகமுவத் தோட்டங்களில் இதன் பெறுமதியை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய உண்மை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலும் தோட்ட லயம் ஒன்றின் மீது மண் இறங்கியது. 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையும் கேகாலை மாவட்டத்தையும் உலுக்கியது. ஒவ்வொரு முறையும் மக்கள் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். பாடுபட்டுச் செய்த மரக்கறித் தோட்டத்தையும் மிளகுக் கொடியையும் வாழைக் குட்டிகளையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. காணி போனவனுக்கு மீண்டும் காணி கிடைக்க ஆண்டுகள் செல்லும். ஆனால் நான்கு பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தால், ஒரு தாய் ஆறு மாதத்தில் ஒரு சிறு பண்ணையைத் தொடங்கி விடுவாள். காணியில்லாத விவசாயியிடம் எஞ்சியிருக்கும் விவசாயம் கோழி வளர்ப்புத்தான்.

பிள்ளைகளின் உடல் நலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அந்த வீதம் 31.7. ஏறத்தாழ மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. கடையில் முட்டை விலை ஏறும்போது தோட்டத்துப் பிள்ளையின் தட்டிலிருந்து முதலில் மறைவதும் முட்டைதான். வீட்டுக் கோழி இடும் முட்டைக்கு ஈடாக எந்த நிவாரணப் பொதியும் இல்லை.

ஆகவே, கோழிகள் ஒரே வாரத்தில் செத்து விழும்போது போவது கோழி மாத்திரமன்று. "பறவைக் காய்ச்சல் என்கிறார்களே, அதற்கு என்ன மருந்து கொடுக்கலாம், ஃபாதர்? மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுத்தால் போதுமா?" என்று தாய்மார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு நேரான பதில் சொல்வது எமது கடமை. பறவைக் காய்ச்சலுக்குக் கைவைத்தியம் கிடையாது. கால்நடை வைத்தியரிடமும் அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் எமது கொல்லைகளில் கோழிகளை அதிகமாகக் கொல்லும் வேறொரு நோய் உண்டு. அதைத் தடுக்க மலிவான மருந்தும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறிந்து கொள்வதிலேதான் எமது கோழிகளின் உயிரும், ஒருவேளை எமது பிள்ளைகளின் உயிரும் தங்கியிருக்கின்றன.

பறவைக் காய்ச்சல் என்பது என்ன?

மனிதருக்கு வரும் தடிமன் காய்ச்சலின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரசே இது. காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் இவ்வகை வைரசுகள் பெரும்பாலும் அவற்றுக்குத் தீங்கு செய்யாமல் வாழ்ந்து வந்தன. அவை வீட்டுக் கோழிகளுக்குத் தொற்றி, நெருக்கமாக அடைக்கப்பட்ட கூட்டங்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்து செல்லும்போது சில வேளைகளில் கொடியனவாக மாறுகின்றன. எச்5என்1 எனப்படும் கொடிய வகை 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் வாத்தினத்தைச் சேர்ந்த பறவைகளில் முதலில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில், 1997இல், ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. அங்கிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் முழுவதும் கொல்லப்பட்டே அன்று அது அடக்கப்பட்டது.

அடங்கியது போலிருந்த நோய் 2003இன் பிற்பகுதியிலிருந்து வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா எனப் பரவியது. இந்தியாவில் 2006 பெப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் தலைகாட்டியது. 2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துக் கூட்டங்களை அழித்தது. அதன் பின்னரும் 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் கேரளத்துக்கு வந்துள்ளது. 2003 முதல் உலகெங்கும் எச்5என்1 தொற்றியதாக உறுதிசெய்யப்பட்ட மனிதர் 900க்கு மேல். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இறந்து போனார்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்கு இலகுவில் தொற்றுவதில்லை. நோயுற்ற பறவையைத் தொட்டு, அறுத்து, இறகு பிடுங்கியவர்களுக்கே பெரும்பாலும் தொற்றியிருக்கிறது.

2006இல் இந்தியாவில் பரவியபோதும் 2008இல் வங்கத்தில் பரவியபோதும் இந்நோய் கடல் தாண்டி எமது கோழிகளிடம் வரவில்லை. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்தில் தெற்கே பறக்கும் பறவைகளின் பாதை இலங்கையிலேயே முடிகிறது. மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புந்தலைக்கும் ஆண்டுதோறும் அவை வந்து போகின்றன. 2023இல் முட்டைத் தட்டுப்பாட்டினால் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டபோது, பறவைக் காய்ச்சல் இல்லாத இடத்திலிருந்து வருகிறதா என்பதே அதிகாரிகளின் முதற் கேள்வியாக இருந்தது. நாட்டின் வாசலில் காவல் இருக்கிறது. எமது லயத்து வாசலில் யார் காவல் என்பதே இங்கு பேச வேண்டிய விடயம்.

எமது கொல்லையில் உள்ள பழைய எதிரி

தோட்டத்தில் "கோழிக்குச் சீக்கு வந்திருச்சு" என்று சொன்னால் அது பெரும்பாலும் ராணிக்கெட் நோயைத்தான் குறிக்கும். 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் வட இந்தியாவின் ராணிக்கெட் என்னும் மலை ஊரிலும் கண்டறியப்பட்டதால் அதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் அதை வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கோழி தூங்கி வழியும். தீன் எடுக்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தப்பிப் பிழைக்கும் கோழிகள் சில கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமிடும்; காலும் சிறகும் இழுத்துக்கொள்ளும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களில் கொன்றுவிடும்.

பறவைக் காய்ச்சலில் முகமும் தலையும் வீங்குதல், கொண்டையும் தாடியும் ஊதா நிறமாகுதல், கால்களில் இரத்தக் கசிவு, ஓர் இரவுக்குள் பல கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் செத்துக் கிடத்தல் ஆகியன காணப்படலாம். ஆனால் ஒன்றை நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நோய்களையும் கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரித்தறிய அனுபவமுள்ள கால்நடை வைத்தியராலும் முடியாது. ஆய்வுகூடப் பரிசோதனையே அதைச் சொல்லும்.

இங்கேதான் ராணிக்கெட் தடுப்பு மருந்தின் இரட்டைப் பயன் வெளிப்படுகிறது. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஒரு லயத்தில் உள்ள கோழிகள் அனைத்தும் காலம் தவறாமல் ராணிக்கெட் மருந்து பெற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் அவை கூட்டமாகச் செத்தால், இது வழமையான சீக்கு இல்லை என்று நாம் உடனே சந்தேகிக்கலாம். தடுப்பு மருந்து பெறாத இடத்திலோ, ஆண்டுக்கு ஒருமுறை கோழிகள் சாவது வழமையாகி விடுகிறது. "போன வருடமும் செத்துச்சே" என்று எல்லோரும் பேசாமல் இருந்து விடுவோம். பழைய எதிரியை விரட்டாதவனுக்குப் புதிய எதிரி வந்ததே தெரியாது.

கைவைத்தியத்தின் இடமும் எல்லையும்

கைவைத்தியத்தை இழிவாகப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எமது பாட்டிமாரின் அறிவு, ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் தோட்டங்களைக் காத்த அறிவு. தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கிராமத்து மூலிகை வைத்தியத்தைத் தொகுத்து விவசாயிகளுக்குக் கற்பித்தவர். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அவர் பரப்பிய மருந்து இந்தியாவின் பால் உற்பத்தியாளர் பலரிடம் சென்றடைந்துள்ளது. படித்தவர்கள் மதிக்கும் அறிவை நாம் ஏன் மறக்க வேண்டும்?

கோழிக்கும் அவ்வாறே. கோழி அம்மை வந்து கண்ணைச் சுற்றிக் கொப்புளம் போட்டால், மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது புண்ணில் ஈ மொய்க்காமலும் அழுகாமலும் காக்க உதவும். கோழிப்பேனுக்கு அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்த குழி ஒன்று வைத்தால், கோழி தானே புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். காகம் கொத்திய காயத்துக்கு மஞ்சள் நல்லது. இவற்றை விட்டுவிடத் தேவையில்லை.

ஆனால் வேகமாகக் கொல்லும் வைரசு நோயில் கைவைத்தியம் எம்மை ஏமாற்றி விடுகிறது. எப்படி என்று பாருங்கள். பத்துக் கோழிகளுக்குச் சீக்கு வருகிறது. சீரகமும் பூண்டும் மஞ்சளும் அரைத்துப் பத்துக்கும் ஊட்டுகிறோம். எட்டுச் சாகிறது, இரண்டு பிழைக்கிறது. பிழைத்த இரண்டையும் காட்டி, "மருந்து கேட்டது" என்கிறோம். மருந்து கொடுக்காத அடுத்த லயத்திலும் பத்தில் இரண்டு பிழைத்திருப்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தக் கொள்ளை நோயிலும் சில உயிர்கள் தம் சொந்தப் பலத்தால் தப்பும். அந்தப் பலத்தின் பெருமையை நாம் மஞ்சளுக்குக் கொடுத்து விடுகிறோம்.

இந்த ஏமாற்றத்தின் விலை இரண்டு நாட்கள். மருந்து அரைத்து, வாயைத் திறந்து ஊட்டி, மறுநாள் வரை பார்த்திருக்கும் அந்த இரண்டு நாட்களில், நோய்க் கோழியின் எச்சில் தாயின் கையிலும் சேலையிலும் படுகிறது. அதே கையால் அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அதே காலால் பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறாள். ராணிக்கெட் என்றால் போவது கோழிகள். பறவைக் காய்ச்சல் என்றால் போகக் கூடியது எது என்று நான் எழுதத் தேவையில்லை.

இதைவிட ஆபத்தான மூன்று வழக்கங்களும் எம்மிடையே உண்டு. சாகப்போகும் கோழியை "வீணாகப் போகுமே" என்று அறுத்துக் கறி வைப்பது ஒன்று. 70 பாகை செல்சியசுக்கு மேல் உள்ளே வரை நன்றாக வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இந்த வைரசு உயிரோடு இராது. ஆபத்து சட்டியில் இல்லை. அறுக்கும் கத்தியிலும், இறகு பிடுங்கும் கையிலும், பக்கத்தில் குந்தியிருந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் மூக்கிலும் இருக்கிறது. நோய்க் கோழியை அரை விலைக்கு வியாபாரிக்குக் கொடுப்பது இரண்டாவது. அந்த வியாபாரியின் கூடை மாலைக்குள் நான்கு தோட்டங்களுக்குப் போகும். செத்த கோழியை ஓடையில் எறிவது மூன்றாவது. எமது ஓடை கீழ் லயத்துக்காரருக்குக் குளிக்கும் தண்ணீர்.

வங்கம் சொல்லும் பாடம்

2008 ஜனவரியில் இந்தியாவின் மேற்கு வங்க மாநிலத்தில், பிர்பூம் மாவட்டத்தில் கோழிகள் சாகத் தொடங்கின. நவாபூரில் நடந்தது போல அது பெரும் பண்ணைகளில் தொடங்கிய நோயாக இருக்கவில்லை. ஏழைகளின் வீட்டு முற்றத்தில், பெண்கள் வளர்த்த கோழிகளில் பரவிய நோய். சில வாரங்களில் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்குப் பரவியது. அரசாங்கம் ஏறத்தாழ 40 இலட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

அங்கு நடந்ததை நாம் நன்றாகச் சிந்திக்க வேண்டும். அதிகாரிகள் வந்தபோது பலர் கோழிகளை ஒளித்தார்கள். சிலர் இரவோடு இரவாக வேறு கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள். சிலர் அவசரமாக அறுத்துத் தின்றார்கள். பிள்ளைகள் செத்த கோழிகளை வெறும் கையால் தூக்கிச் சென்றதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. பட்டணத்துப் படித்தவர்கள் இதை அறியாமை என்றார்கள். அது அரைப் பங்கு உண்மை. நட்டஈடு எப்போது வரும், எவ்வளவு வரும், எமக்குத்தான் வருமா என்ற நம்பிக்கையீனமும் அதில் கலந்திருந்தது. தன்னிடம் இருக்கும் ஒரே சொத்தைக் கொல்ல வருபவனிடம் ஏழை உண்மை சொல்ல மாட்டான். உண்மை சொன்னால் தனக்குக் கேடு வராது என்று அவன் நம்பும்படி அரசாங்கம் நடந்துகொள்ள வேண்டும்.

இங்கு இன்னொரு பேச்சும் எழுவதுண்டு. "இந்த நோய் ஆயிரக்கணக்கில் கோழிகளை அடைத்து வளர்க்கும் பெரும் முதலாளிமாரின் நோய், பழியை மட்டும் ஏழையின் ஊர்க்கோழியில் போடுகிறார்கள்" என்பது அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சாதுவான வைரசு கொடியதாக மாறுவதற்கு நெருக்கமாக அடைக்கப்பட்ட பெருங்கூட்டங்களே வசதியான இடம். ஆயினும் நோய் யாருடைய கூட்டில் பிறந்தது என்று வாதாடிக்கொண்டிருந்தால், அது எமது கூட்டுக்குள் வருவதைத் தடுக்க முடியாது. பெரும் பண்ணைக்குச் சுவர் உண்டு, காவலாளி உண்டு, சொந்த வைத்தியர் உண்டு, காப்புறுதி உண்டு. எமக்கு எம்மைத் தவிர வேறு எவரும் இல்லை.

புதிய குடியிருப்பில் ஆபத்து ஏன் கூடுகிறது?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். புதிய குடியிருப்பில் பத்துப் பேர் பத்து இடங்களிலிருந்து கோழி கொண்டு வருகிறோம். ஒருவர் உறவினர் வீட்டிலிருந்து, ஒருவர் சந்தையிலிருந்து, ஒருவர் வேனில் வரும் வியாபாரியிடமிருந்து. நிவாரணமாகக் குஞ்சுகள் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. நல்ல மனதோடு கொடுக்கிறார்கள். ஆனால் தடுப்பு மருந்து போடாத குஞ்சுகளைக் கொடுப்பது உதவியாகாது. பத்து இடத்துக் கோழிகள் ஒரே குப்பைமேட்டைக் கிளறும்போது பத்து இடத்து நோய்களும் அங்கே சந்திக்கின்றன.

சப்ரகமுவவின் மழையும் எமக்கு எதிராக நிற்கிறது. வெயிலும் காய்வும் இந்த வைரசைக் கொல்லும். ஈரமும் குளிரும் அதைக் காக்கும். காயாத எச்சத்திலும் தேங்கிய தண்ணீரிலும் அது பல நாட்கள் உயிரோடிருக்கும். இரத்தினபுரிப் பக்கத்தில் முற்றம் காய்ந்து கிடக்கும் நாட்கள் எத்தனை? அதோடு இடம் போதாமையால் இரவில் கோழியைக் காம்பராவின் மூலையில், பிள்ளை படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் அடைக்கிறோம். கள்ளனுக்கும் நரிக்கும் பயந்து செய்வது விளங்குகிறது. ஆனாலும் இதை மாற்றியே ஆக வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு.

வெளியிலிருந்து வரும் புதுக்கோழியை 14 நாட்களாவது தனியே கட்டி வையுங்கள். அதற்குத் தீன் போடுவதை உங்கள் கோழிகளுக்குப் போட்ட பிறகு செய்யுங்கள். சந்தையில் விலை போகாமல் திரும்பி வரும் கோழியும் புதுக்கோழியே.

இரவில் அடைக்கும் கூட்டை மனிதர் படுக்கும் அறைக்கு வெளியே, சுவரோடு சேர்த்து, நிலத்திலிருந்து ஓரிரு அடி உயர்த்தி, மழை படாமல் அமையுங்கள். மூங்கிலும் பழைய தகரமும் போதும். எச்சம் கீழே விழுந்து காயும். அதை வாரி மரக்கறிக் காணியின் ஓரத்தில் குவித்து மூடி மக்கச் செய்யலாம்.

வாத்தும் கோழியும் ஒன்றாக வளர்க்க வேண்டாம். வாத்து நோயை வெளியே காட்டாமல் சுமந்து திரியக் கூடியது.

கோழியைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இது வெறும் உபதேசம் இல்லை. இந்த வைரசைச் சுற்றிக் கொழுப்பினாலான ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சவர்க்காரம் எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கைக் கரைப்பது போலவே அந்த உறையையும் கரைத்து வைரசை அழித்துவிடும். மஞ்சள் தண்ணீரை விடச் சவர்க்காரத் தண்ணீரே இங்கு பெரிய மருந்து.

ஓரிரு நாளில் பல கோழிகள் செத்தாலோ, சுற்று வட்டாரத்தில் காகங்களும் செத்து விழுந்தாலோ, உடனே கிராம சேவகருக்கும் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை மிஞ்சிய கோழிகளை அடைத்து வையுங்கள். விற்கவோ அறுக்கவோ வேண்டாம். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். பரிசோதனைக்கு எடுத்த பின், செத்தவற்றைப் பொலித்தீன் பையால் கையை மூடி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு எடுத்து, ஓடைக்கும் கிணற்றுக்கும் தூரத்தில் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

செத்த கோழியைத் தொட்டவருக்குப் பின்வரும் நாட்களில் காய்ச்சலும் இருமலும் வந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய், "நான் செத்த கோழியைத் தொட்டேன்" என்று கேட்கும் முன்பே சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் டொக்டருக்கு வழி காட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

இவ்வளவும் எமது பங்கு. அரசாங்கத்தின் பங்கையும் தோட்ட நிர்வாகத்தின் பங்கையும் கேட்டுப் பெற வேண்டும்.

கன்னொருவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இந்நாட்டிலேயே கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. நாட்டில் மருந்து இருக்கிறது. அது லயம் வரை வந்து சேருவதில்தான் தடங்கல். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கும் அதிகமான கோழிகளுக்குரியது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஏழு கோழி வைத்திருக்கும் ஒரு தாய் தனியாக அதை வாங்கிப் பயனில்லை. ஆனால் நான்கு லயங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நாளைக் குறித்தால், அதே குப்பி அத்தனை வீட்டுக் கோழிகளையும் காக்கும். தனியாக முடியாதது கூட்டாக முடியும் என்பதற்கு இதைவிடச் சிறிய, தெளிவான உதாரணம் கிடையாது.

இது கனவு அன்று. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பெப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தி, வீட்டுக் கோழிகளுக்கு இலவசமாக மருந்து போடும் வழக்கத்தைக் கொண்டிருக்கிறது. ஆபிரிக்காவில் மொசாம்பிக், தன்சானியா போன்ற நாடுகளில், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பம் தாங்கும் ராணிக்கெட் மருந்தைக் கிராமத்துப் பெண்களே பழகி, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விடுகிறார்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கி அதில் அவர்கள் வருமானமும் காண்கிறார்கள். பிள்ளைக்குக் கண் மருந்து விடத் தெரிந்த எமது பெண்களுக்கு இது கைவராதா?

ஆகவே மாதர் சங்கங்களும் தோட்டக் கூட்டுறவுகளும் தொழிற்சங்கக் கிளைகளும் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்க வேண்டும். முதலாவது, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு தோட்டத்திலும் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பிலும் ஆண்டுக்கு மூன்று முறை நாள் குறித்துத் தடுப்பு மருந்து போட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பெண்களுக்கு அதற்கான பயிற்சி தர வேண்டும். மூன்றாவது, நோய் பற்றிய அறிவித்தல்களும் விண்ணப்பங்களும் தமிழில் இருக்க வேண்டும். விளங்காத மொழியில் ஒட்டப்படும் எச்சரிக்கை, ஒட்டப்படாததற்குச் சமம். நான்காவது, கோழிகளைக் கொல்ல வேண்டிய நாள் வந்தால் என்ன நட்டஈடு, எத்தனை நாளுக்குள், யார் கையில் என்பதை நோய் வருமுன்னரே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அந்தக் காசு கோழி வளர்த்த பெண்ணின் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும்.

தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு சொல். லயத்தில் கோழி வளர்ப்பதை ஒரு தொல்லையாகப் பார்க்காமல், லயத்துக்குப் பின்னால் கூடு கட்ட ஆறடி இடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். ஒதுக்கிய இடத்தில் வளரும் கோழியே பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் படுக்காத கோழி.

வாசகர்களே, மலை சரிவதை எம்மால் நிறுத்த முடியவில்லை. வெள்ளத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. இந்த அழிவை மட்டும் ஓரளவுக்குத் தடுத்துக்கொள்ள எம்மால் முடியும். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் உங்கள் பிரிவில் எத்தனை வீட்டில் எத்தனை கோழிகள் உண்டு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு இரண்டு பேர் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய், "எங்களிடம் இத்தனை கோழிகள் இருக்கின்றன, மருந்து போட எந்த நாள் வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். திகதியை அதே கொப்பியில் எழுதி வாங்கி வாருங்கள்.